‘பிலிப்பிக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வினா (சுங்கை சிப்புட்)

வணக்கம். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குப் பழக்கி வருகிறேன். ஓர் ஆங்கில நாளேடு, நாடாளுமன்றத்தில் நிகழ்ந்த கடுமையான உரை ஒன்றைப் ‘பிலிப்பிக்’ என்று குறித்திருந்தது. என்னிடமுள்ள அகராதி ‘வசைமொழி’ என்கிறது. வசை என்றால் எங்கள் பிள்ளைகள் ஏச்சு என்றே விளங்கிக்கொள்வார்கள். சினந்து பேசும் எந்தப் பேச்சுக்கும் இச்சொல் பொருந்துமா?

மறுமொழி 1

பொருந்தாது, ஐயா. மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பால் வரவிருந்த ஆபத்தை உணர்த்த, கி.மு. 351 முதல் 341 வரை ஏதென்ஸ் பேரவையில் அந்நகரின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனீஸ் ஆற்றிய உரைகளிலிருந்து வந்த சொல் இது. முதல் உரையில் அவருடைய சினம் பகைவன்மேல் மட்டும் பாயவில்லை. திருவிழாக்களைக் குறித்த நாளில் நடத்திவிட்டுக் கப்பற்படையை மட்டும் காலங்கடந்து அனுப்புகிறவர்கள் என்றும், பிலிப் இறந்துவிட்டானா என்று ஒருவரையொருவர் விசாரித்துத் திரிகிறவர்கள் என்றும் தம் மக்களையே அவர் கடிந்துகொள்கிறார். கேட்பவரை எழுப்புவதே நோக்கம் என்பதால், வெறும் ஏச்சை இப்பெயரால் அழைப்பது எனக்கு உடன்பாடன்று.

மறுமொழி 2

உரோமில் மார்க் ஆண்டனியை எதிர்த்துக் கி.மு. 44, 43 ஆகிய ஆண்டுகளில் பேச்சாளர் சிசெரோ உருவாக்கிய பதினான்கு உரைகளுக்கும் இதே பெயர்தான். அவற்றுள் புகழ்பெற்ற இரண்டாவது உரை மேடையேறவே இல்லை, எழுத்தாகவே பரவியது. கி.மு. 43 டிசம்பரில் அவர் கொல்லப்பட்டபோது, தலையோடு எழுதிய கையையும் வெட்டி, அவர் பேசிய மேடையிலேயே வைத்தார்கள். ஆளைக் குறித்து, காரணம் காட்டி, ஊரறியக் கண்டிப்பதே இச்சொல்லின் உட்பொருள் என்பதால் ‘கண்டனப் பேருரை’ என்று வழங்கலாம்.

மறுமொழி 3

வசை என்ற சொல்லை அவ்வளவு தாழ்வாகக் கருத வேண்டியதில்லை. வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் அங்கதத்தை வசை என்றே தொல்காப்பியம் குறிக்கிறது. ஆனால் இன்றைய காதுக்கு அது கொச்சையாகிவிட்டது என்பதும் உண்மை. கண்ணகி பாண்டியன் முன் பேசியதை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவள் அரசனிடமே நியாயம் கேட்டாள், அதனால் அது வழக்குரை. பிலிப்போ டெமாஸ்தனீசின் அவையில் இல்லை. லயத்துத் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) திடலில் நடந்த தொழிற்சங்கக் கூட்டங்களைப் பற்றி என் தந்தையார் சொல்லும்போதெல்லாம், பேசியவர் நிர்வாகத்தைச் ‘சாடினார்’ என்றே சொல்வார். அச்சொல்லே எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

வினவியவர்

மூவருக்கும் நன்றி. பிள்ளைகளிடம் ‘சாடலுரை’ என்றே சொல்லப்போகிறேன். திருவிழாவையும் கப்பற்படையையும் ஒப்பிட்ட அந்தப் பகுதியை நாளைக்கே வகுப்பில் சொல்லிக்காட்டுகிறேன்.