டேஷ்போர்டும் டேட்டாபேஸ் கனெக்ஷனும்: நாம் பட்ட அனுபவங்கள்

ஷைனி பக்கமிருந்து:

ஷைனியில் (ஆர் மொழியில் வெப் ஆப் எழுத உதவும் பேக்கேஜ்) எழுதிய ஒரு விற்பனை டேஷ்போர்டைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலையில் நன்றாக ஓடும். மதியத்துக்கு மேல் புதிதாகத் திறப்பவர்களுக்கு "சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி" (ஏற்கெனவே அளவுக்கு மீறிய கனெக்ஷன்கள்) என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மறுத்துவிடும். சர்வரில் சிபியு ஓய்வாக இருக்கும், மெமரியும் தாராளம், ஓடும் குவெரி என்று பார்த்தால் ஒன்றுமே இருக்காது. பாரமே இல்லாத சர்வர் ஏன் ஆளை உள்ளே விட மறுக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் புரியவில்லை.

இப்போதைய கனெக்ஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்தபோது விடை கண்முன்னே இருந்தது. வரிசை வரிசையாகக் கனெக்ஷன்கள், எல்லாமே 'ஐடில்', அதாவது வேலையின்றிச் சும்மா இருப்பவை. கோடில் கனெக்ஷனைத் திறக்கும் டிபிகனெக்ட், சர்வர் ஃபங்ஷனுக்குள் இருந்தது. அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு செஷனுக்கும் ஒருமுறை ஓடும். ஒருவரே நான்கு டேப் திறந்தால் நான்கு கனெக்ஷன். அதை மூடும் டிபிடிஸ்கனெக்ட் எங்குமே எழுதப்படவில்லை. அதனால் டேப்பை மூடிய பிறகும், ஆர் தன் மெமரியை எப்போது சுத்தம் செய்கிறதோ அதுவரை கனெக்ஷன் தொங்கிக்கொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் கனெக்ஷன்களின் உச்சவரம்பான மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் மாற்றாமல் விட்டால் 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை. சும்மா திறந்துகிடக்கும் டேப்களே அந்த எண்ணிக்கையைத் தின்றுவிட்டன.

சில கனெக்ஷன்களைத் திறந்துவைத்து எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பூல் பேக்கேஜுக்கு மாற்றினோம். டிபிபூல் சர்வர் ஃபங்ஷனுக்கு வெளியே ஒரே இடத்தில், ஆப் நிற்கும்போது ஓடும் ஆன்ஸ்டாப்பில் பூல்குளோஸ். குவெரி ஓடும் நேரத்துக்கு மட்டும் பூலிலிருந்து கனெக்ஷன் எடுக்கப்படும், முடிந்ததும் திரும்பிவிடும். ஓர் ஆர் பிராசஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும் என்பதால், பயனர்கள் எத்தனை பேர் இருந்தாலும் ஒன்றிரண்டு கனெக்ஷனுக்கு மேல் தேவைப்படுவது அரிது. ஆனால் பூலின் அளவான மேக்ஸ்சைஸ் சொல்லாமல் விட்டால் அதற்கு உச்சவரம்பே கிடையாது. எண் கொடுத்துவிடுங்கள்.

சிலர் எதிர்த்திசையில் போய், குளோபலில் ஒரே ஒரு டிபிகனெக்ட் வைத்து எல்லோருக்கும் பகிர்கிறார்கள். நெட்வொர்க் ஒருமுறை அறுந்தால் போதும், ஆப்பை ரீஸ்டார்ட் செய்யும்வரை எல்லாப் பயனர்களும் மாட்டிக்கொள்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்ட்ரீம்லிட் பக்கமிருந்து:

இங்கே நிலைமை இன்னும் கூர்மையானது. பைத்தானில் டேஷ்போர்டு எழுத உதவும் ஸ்ட்ரீம்லிட், பயனரின் ஒவ்வொரு அசைவுக்கும் ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ்வரை மறுபடி ஓட்டும். எனக்கு வந்த ஆப்பில் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் கிரியேட்_எஞ்சின் ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் இருந்தது. ஸ்லைடரை இழுக்க இழுக்க ஒவ்வொரு தடவையும் புது எஞ்சின், அதற்கென்று புது பூல்.

ஒருமுறை உருவாக்கியதை வைத்திருந்து மறுபடி கொடுக்கும், 2023-இல் வந்த கேஷ்_ரிசோர்ஸ் இதற்காகவே இருக்கிறது. அதில் எஞ்சினை வைத்தால் எல்லாச் செஷனுக்கும் ஒன்றே போதும். அதே ஆண்டில் வந்த எஸ்டி.கனெக்ஷனும் உள்ளே இதைத்தான் செய்கிறது. ஆனால் எஞ்சினை வைப்பதும் கனெக்ஷனை வைப்பதும் ஒன்றல்ல. இன்னொரு ஆப்பில் சைக்காப்ஜி2-வின் (பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸோடு பேசும் லைப்ரரி) ஒற்றைக் கனெக்ஷனையே கேஷில் வைத்திருந்தார்கள். ஒரு பயனரின் ஃபில்டர் தவறான குவெரியை அனுப்பியது. அவர் கண்டது ஒரு பிழை. அதன்பின் சம்பந்தமே இல்லாத மற்றவர்களுக்கும் 'கரண்ட் டிரான்சாக்ஷன் இஸ் அபார்ட்டட்' (இப்போதைய டிரான்சாக்ஷன் முறிந்துவிட்டது) என்று வரத் தொடங்கியது. ஒரே கனெக்ஷன் என்றால் ஒரே டிரான்சாக்ஷன். யாராவது ரோல்பேக் செய்து அதைக் கைவிடும்வரை அத்தனை பேரும் அதற்குள் சிக்கியிருப்பார்கள்.

தரவுத்தள நிர்வாகப் பக்கமிருந்து:

மேலே ஷைனி பக்கம் சொன்ன 'ஐடில்' கூடப் பரவாயில்லை என்பேன். எனக்குக் கவலை தருவது 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்', அதாவது டிரான்சாக்ஷனைத் திறந்து முடிக்காமல் சும்மா இருப்பது. சைக்காப்ஜி2-வில் வெறும் செலக்ட் ஓட்டினாலே டிரான்சாக்ஷன் திறந்துகொள்ளும். டேஷ்போர்டு தரவை எடுத்துக்கொண்டு கமிட் செய்யாமல் அமர்ந்துவிட்டால், அந்த டேபிள் மேல் எடுத்த சிறு லாக் விடுபடாது. படிப்பவர்களுக்கு அதனால் தொந்தரவில்லை என்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

ஒருநாள் அதே டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்க ஆல்டர் டேபிள் கொடுத்தார்கள். அது டேஷ்போர்டின் லாக்குக்காகக் காத்து நின்றது. அதன் பின்னால் வந்த சாதாரண செலக்ட்கள்கூட ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நின்றன. யாரோ திறந்துவைத்துவிட்டு எழுந்துபோன ஒரு வரைபடப் பக்கத்தால் முழு ஆப்பும் உறைந்தது.

அன்றிலிருந்து டேஷ்போர்டுகளுக்குத் தனி ரோல் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு), படிக்க மட்டும் உரிமை, அந்த ரோலுக்கே ஒரு கனெக்ஷன் லிமிட். போஸ்ட்கிரெஸ் 9.6-இலிருந்து இருக்கும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டையும் (அப்படித் தொங்கும் செஷனைக் குறித்த நேரத்தில் வெட்டுவது) அந்த ரோலுக்கு வைத்துவிடுகிறேன். தானாக அது அணைந்தே இருக்கும். ஆல்டர் ஓட்டுபவர்கள் லாக்குக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பாக லாக்_டைம்அவுட் வைத்துக்கொள்வதும் அவசியம்.

தயவுசெய்து ஒன்று: நெருக்கடி வந்ததும் மேக்ஸ்_கனெக்ஷன்ஸை 500 ஆக்குங்கள் என்று கேட்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி பிராசஸ். கசிவு அப்படியே இருக்கும், நிரம்ப இன்னும் கொஞ்ச நேரமாகும், அவ்வளவுதான்.

டாஷ் பக்கமிருந்து:

டாஷும் பைத்தானில் டேஷ்போர்டு எழுதுவதற்கானதுதான். பூல் வைத்தும் தீராத ஒன்றைச் சொல்கிறேன். எஸ்க்யூஎல்ஆல்கெமி பூலின் இயல்பு அளவு 5, மேலதிகம் 10. ஆக 15. ஆனால் இது ஒரு பிராசஸுக்கு. ஆப்பை ஓட்டும் ஜியூனிகார்ன் சர்வரில் 8 வொர்க்கர் பிராசஸ் ஓடினால் 120 வரை போகலாம், சர்வரின் வரம்போ 100. பூல் அளவை முடிவு செய்யும்போது வொர்க்கர் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். ஆப்பை முன்பே ஏற்றிவிடும் ப்ரீலோட் பயன்படுத்தினால், ஃபோர்க்குக்கு (வொர்க்கர்கள் பிரிவதற்கு) முன் திறந்த கனெக்ஷன்களை வொர்க்கர்கள் பகிர்ந்துகொள்ள நேரும், ஒருவர் கேட்டதற்கான பதில் இன்னொருவர் கைக்குப் போகும். ஒவ்வொரு வொர்க்கரும் தொடங்கும்போதே எஞ்சினை டிஸ்போஸ் செய்து, பழைய பூலைக் கைவிட வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் பக்கமிருந்து:

எங்களுக்கு வார விடுமுறை முடிந்து முதலில் திறப்பவருக்கு மட்டும் 'சர்வர் ஹேஸ் கான் அவே' (சர்வர் போய்விட்டது) என்ற பிழை வரும். வெயிட்_டைம்அவுட் 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். சும்மா கிடந்த கனெக்ஷனை சர்வர் வெட்டிவிடும், பூலுக்கு அது தெரியாது. கனெக்ஷனைக் கொடுக்கும் முன் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பூல்_ப்ரீ_பிங் போட்டதும் நின்றது.

ஷைனி பக்கமிருந்து, மறுபடியும்:

பூலுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு சேர்க்கை. அடுத்தடுத்த இரண்டு குவெரிகள் ஒரே கனெக்ஷனில் போகும் என்று நம்பக் கூடாது. டெம்பரரி டேபிள் ஒரு கனெக்ஷனில் உருவாகும், அடுத்த குவெரி வேறொரு கனெக்ஷனில் போய் "அப்படி ஒரு டேபிள் இல்லை" என்று திரும்பும். பூல் மேல் நேராக, டிரான்சாக்ஷனைத் தொடங்கும் டிபிபிகின் போடவும் முடியாது. டிரான்சாக்ஷனுக்கு பூல்வித்டிரான்சாக்ஷன் இருக்கிறது. டெம்பரரி டேபிள் கட்டாயம் வேண்டுமென்றால் பூல்செக்அவுட் செய்து ஒரு கனெக்ஷனைக் கையில் எடுத்து, அதே ஃபங்ஷனில், அது முடியும்போது ஓடும் ஆன்.எக்ஸிட்டுக்குள் பூல்ரிட்டர்னையும் எழுதிவிடுங்கள். நடுவில் பிழை வந்தாலும் கனெக்ஷன் பூலுக்குத் திரும்பிவிடும்.