மயோனைஸில் சிக்கு வாடை, ஆனால் பெராக்சைடு அளவு சரியாக வருகிறது. எதை நம்புவது?

ஆய்வக எலி:
சோயா எண்ணெய், பாஸ்ச்சுரைஸ் செய்த மஞ்சள் கரு, வினிகர், உப்பு. இவ்வளவுதான் எங்கள் மயோனைஸ். ஆறாவது வாரம் மூடியைத் திறந்தால் பழைய பெயிண்ட் டப்பா வாடை அடிக்கிறது, பெராக்சைடு அளவோ (எண்ணெய் கெடத் தொடங்கியதைக் காட்டும் எண்) 3-ஐத் தாண்டவில்லை. சரி என்று எஸ்பிஎம்இ ஃபைபரை (குப்பிக் காற்றிலுள்ள வாசனைப் பொருட்களைப் பிடிக்கும் மெல்லிய இழை) வைத்து 80 டிகிரியில் அரை மணி நேரம் விட்டு ஜிசி-எம்எஸ்ஸில் (அவற்றைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி) ஓட்டினேன். எண்ணெய் கெடும்போது வரும் ஹெக்ஸனல் எக்கச்சக்கம். நேற்று செய்த புது மாதிரியிலும் அதே கதை!

மூக்குப்பொடி:
80 டிகிரியா? அந்தச் சூட்டில் ஹைட்ரோபெராக்சைடு (எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் உண்டாவது, பெராக்சைடு அளவு காட்டுவது இதைத்தான்) குப்பிக்குள்ளேயே உடைந்து புதிதாக ஹெக்ஸனல் உண்டாகும், அதாவது மாதிரியில் இருந்ததோடு நீங்கள் சமைத்ததையும் சேர்த்து அளக்கிறீர்கள். 40-க்கு இறக்குங்கள், நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பெராக்சைடு விஷயம் வேறு: ஹைட்ரோபெராக்சைடுக்கு வாசனையே கிடையாது, அது ஏறும், உடையும், இறங்கும். ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து ஏறும் வழியில் 3-ஆ, இறங்கும் வழியில் 3-ஆ என்று எப்படிச் சொல்வது? வாராவாரம் எடுங்கள், அது உடைந்து வரும் ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் அளவையும் சேர்த்து. எண்ணெயைப் பிரிக்கச் சூடாக்க வேண்டாம்; ஃப்ரீசரில் உறையவைத்து, உருகவிட்டு, சென்ட்ரிஃபியூஜ் செய்தாலே பிரியும்.

குப்பிமூடி:
ஸ்டாண்டர்டை (தெரிந்த அளவு ஹெக்ஸனலை) தண்ணீரில் கலக்கி அளவுக்கோடு போட்டிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். ஹெக்ஸனலுக்கு எண்ணெய்தான் பிடிக்கும், முக்கால்வாசி எண்ணெயாக இருக்கும் மயோனைஸிலிருந்து மேலே காற்றுக்கு வருவது கொஞ்சம்தான். புது மயோனைஸிலேயே தெரிந்த அளவு சேர்த்துக் கோடு போடுங்கள். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஹெக்ஸனல் கிடைத்தால், ஒவ்வொரு மாதிரியிலும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும் இன்டர்னல் ஸ்டாண்டர்டுக்கு அதைவிட நல்லது இல்லை.

ஆய்வக எலி:
தண்ணீரில்தான் போட்டேன் 🙈 இப்போது 40 டிகிரியில் ஓட்டினேன், புது மாதிரியில் ஹெக்ஸனல் பீக் (வரைபடத்தில் எழும் மேடு) ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பழையதில் இருக்கிறது, ஆனால் அப்படியொன்றும் பெரிதாக இல்லை.

மூக்குப்பொடி:
ஹெக்ஸனல் வெட்டின புல் மாதிரி மணக்கும், பெயிண்ட் மாதிரி அல்ல. சோயாவில் லினோலெனிக் அமிலமும் இருக்கிறது, அதிலிருந்து வரும் 2,4-ஹெப்டாடையீனலைத் தேடிப் பாருங்கள். மோப்பக் குழாய் உள்ள ஜிசி அருகில் எங்காவது இருந்தால் போய் உட்காருங்கள், சில பொருட்கள் பீக்கே தெரியாத அளவில் மூக்கைத் துளைக்கும். அப்புறம், வினிகரின் புளிப்பில் மஞ்சள் கருவிலுள்ள இரும்பு பிடி தளர்ந்து எண்ணெயைக் கெடுக்கும். 75 பிபிஎம் ஈடிடிஏ (இரும்பைப் பிடித்துக் கட்டிவைக்கும் பொருள்; அமெரிக்காவில் மயோனைஸுக்கு அதுதான் உச்சவரம்பு) போட்ட தொகுதி ஒன்றையும் போடாத ஒன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். போட்டதில் வாடை தள்ளிப்போனால் இரும்புதான் காரணம்.

ஆய்வக எலி:
திங்கட்கிழமை இரண்டு தொகுதியும் போடுகிறேன்.