ஷாட் பற்றவைக்க எந்த இக்னைட்டர்: கிளிப்பா, இ-மேட்ச்சா?

வளவு_வாசி (கேள்வி):

ஐப்பசிக் கடைசியில் கானாடுகாத்தானில் ஒரு மணிவிழா. மாலையில் வரவேற்பு, மாலை மாற்றும் நேரத்துக்குச் சின்னதாக வாணவேடிக்கை. சரக்கெல்லாம் கடையில் கிடைப்பதுதான்: 30 ஷாட் ஆறு, 60 ஷாட் நாலு, 120 ஷாட் இரண்டு, பெரிய புஸ்வாணம் எட்டு. பின்தெருவைத் தாண்டி ஊரணிக் கரையில் பொட்டல் இருக்கிறது, அங்கே வைப்பதாக எண்ணம். ஆள் நிற்கும் இடத்திலிருந்து 25 மீட்டர் வயர் இழுக்கலாம். இல்லையென்றால் 12 சேனல் ரிமோட் (தனித்தனியாகக் கொளுத்த 12 இணைப்பு உள்ளது) இருக்கிறது, அதன் ரிசீவர் நாலு ஏஏ பேட்டரியில் ஓடுவது.

கரண்ட் விட்டுத் திரியைப் பற்றவைக்கும் இக்னைட்டரில்தான் குழப்பம். நிக்ரோம் கம்பி வைத்த கிளிப் ஆன்லைனில் கிடைக்கிறது. மேடை அலங்காரம் செய்பவர் ஒருவர் இ-மேட்ச் தருகிறேன் என்கிறார். கல்குவாரியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர், "கேப் ரெண்டு வாங்கித் தாரேன், வயரைக் கட்டி அமுக்குனா முடிஞ்சுது" என்கிறார். எது சரிப்படும்?

திரிமுனை (பதில்):

முதலில் அந்தக் கேப் பேச்சை விடுங்கள். அது பாறையை உடைக்கிற டெட்டனேட்டர். திரியைப் பற்றவைக்காது, வெடித்துப் பெட்டியையே சிதறடிக்கும், கையில் இருந்தால் கை போகும். மின் டெட்டனேட்டர் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் 2025 ஏப்ரல் 1 முதல் அரசே தடை செய்துவிட்டது. சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மீதி இரண்டும் வேறு வேறு சாதி. கிளிப்பில் மருந்தே கிடையாது. பிளாஸ்டிக் தாடைக்குள் நிக்ரோம் கம்பி ஒரு சுற்று இருக்கும். கரண்ட் போனால் செக்கச்செவேல் என்று காய்ந்து, தொட்டுக்கொண்டிருக்கும் திரியைப் பற்றவைக்கும். அதற்கு ஒன்று இரண்டு செகண்ட் ஆகும். அப்புறம் பெட்டியின் சொந்தத் திரி எரிய வேண்டிய நேரம் தனி. பச்சைத் திரி உத்தேசமாகச் செகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் எரியும் என்று வைத்தால், பட்டனை அமுக்கி முதல் ஷாட் கிளம்ப ஐந்து முதல் எட்டு செகண்ட் வரை போகும். மாலை மாற்றுவதற்குச் சரியாக வேண்டுமென்றால், மாலையைக் கையில் எடுக்கும்போதே அமுக்கிவிட வேண்டும்.

இ-மேட்ச் மெல்லிய கம்பியின் மேல் மருந்து முக்கிய சின்னத் தலை. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஓம் இருக்கும். ஒரு ஆம்பியர் போனாலே சில மில்லிசெகண்டில் தீப்பொறி தரும். திரி எரியும் நேரம் இதிலும் குறையாது. அதைக் குறைக்கிறேன் என்று பெட்டியைக் கிழித்து முதல் குழாய்க்குள் தலையைச் செருகுபவர்கள் உண்டு. செய்யவே கூடாது, மருந்துக் குழாயைக் குத்தும்போது உரசினாலே போதும். தலையை நசுக்குவது, பல்லால் கடிப்பது, பையில் சாவியோடு போட்டுக்கொள்வது எல்லாம் இதே கணக்குதான்.

அது மருந்துப் பொருள் என்பதால் கூரியர், பஸ், ரயில் எதிலும் வரக் கூடாது. ரயிலில் பிடிபட்டால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது. உரிமம் உள்ள வாணவேடிக்கைக்காரர் அவரே கொண்டுவந்து அவரே கட்டினால் இ-மேட்ச். நீங்களே செய்வதென்றால் கிளிப். இவ்வளவு சரக்குக்குக் கிளிப் தாராளம்.

ஸ்கொயர்_எம்எம் (பதில்):

திரிமுனை சொன்னது சரி. ஆனால் கிளிப் "தாராளம்" என்பது வயரைப் பொறுத்தது. ஒரு கிளிப்பை மல்டிமீட்டரில் 200 ஓம் ரேஞ்சில் அளந்து போடுங்கள். முதலில் இரண்டு முனையையும் ஒட்டவைத்து மீட்டரின் சொந்த ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை ஓம் வரை தப்பு வரும். ரிமோட்டில் பட்டனை அமுக்கினால் எத்தனை செகண்ட் கரண்ட் தருகிறது என்பதையும் பாருங்கள். வெடி எதுவும் கட்டாமல், 6 வோல்ட் பல்பைக் கோர்த்துப் பார்த்தாலே தெரியும்.

வளவு_வாசி:

கிளிப் 2.8 ஓம். பல்ப் ஒரு செகண்ட்தான் எரிகிறது, பட்டனை விடாமல் பிடித்தாலும் அவ்வளவுதான். வயர் கடையில் இரட்டை வயர் 0.5 ஸ்கொயர் எம்எம் எடுத்துவைத்திருக்கிறேன், விலை ரொம்பக் குறைவு.

ஸ்கொயர்_எம்எம்:

அப்படியென்றால் அந்த ரிசீவரால் கிளிப்பைப் பற்றவைக்க முடியாது. அது இ-மேட்ச்சுக்கென்று செய்தது. நாலு ஏஏ சேர்ந்து 6 வோல்ட். நல்ல ஆல்கலைன் போட்டாலும் பேட்டரிக்குள்ளேயே முக்கால் ஓம் போல இருக்கும். 2.8 உடன் சேர்த்தால் ஒன்றரை ஆம்பியர் சொச்சம், கிளிப்பில் ஏழு வாட். கம்பி மங்கலாகச் சிவக்கும். திரியின் மேல்பூச்சு கருகுவதற்குள் ஒரு செகண்ட் முடிந்துபோகும். சிவப்பு உறை போட்ட மலிவு பேட்டரி போட்டால் அதுவும் இல்லை. இதே ஏழு வாட் இ-மேட்ச்சுக்குத் தேவைக்கு மேல். வாங்குகிறவர்கள் இக்னைட்டரின் மேல் பழி போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வயரும் பிரச்சினை. அந்த விலைக்கு வருவது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதாக இருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதேதான். சுத்தச் செம்பைவிட ஒன்றரை மடங்கு ஓம். 25 மீட்டர் என்றால் போக வர 50 மீட்டர், கிட்டத்தட்ட 2.9 ஓம். 12 வோல்ட் பேட்டரி போட்டாலும் இரண்டு ஆம்பியர்தான் ஓடும், கிளிப்புக்கு 12 வாட். அதே தூரத்துக்குச் செம்பு 0.75 போட்டால் வயர் 1.3 ஓம், கரண்ட் 2.8 ஆம்பியர், கிளிப்புக்கு 22 வாட். கரண்ட் கொஞ்சம்தான் கூடுகிறது, சூடு இரட்டிப்பாகிறது. அதனால் வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, யுபிஎஸ்ஸில் இருப்பது, முழுக்கச் சார்ஜ் ஆகியிருந்தால் இந்த வேலைக்குப் போதும். அதை உங்கள் 6 வோல்ட் ரிசீவரில் மாட்டிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சிப் புகைந்துவிடும். போகிற போக்கில் எல்லாச் சேனலையும் திறந்துவிட்டும் போகலாம். வயர் இழுத்த சுவிட்ச் பெட்டி, சாவி போட்டால்தான் உயிர் வருகிற மாதிரி, இருந்தால் அதுவே மேல். பட்டனை எத்தனை செகண்ட் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

ஒரே பட்டனில் இரண்டு மூன்று கிளிப் வேண்டுமென்பீர்கள். 25 மீட்டர் வயரில் பேரலலாக, அதாவது ஒவ்வொரு கிளிப்பையும் அதே வயர் ஜோடியில் தனித்தனியாகக் கட்டி, இரண்டு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 12 வாட், நாலு போட்டால் ஐந்து வாட். இரண்டோடு நிறுத்துங்கள், அதுவும் 0.75 செம்பில். ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கும் சீரிஸ் வேண்டவே வேண்டாம்: எந்தக் கிளிப் முதலில் உருகி அறுந்ததோ அதோடு மற்றதுக்கும் கரண்ட் நின்றுவிடும்.

செம்புறைக்கல் (பதில்):

சேனல் கணக்கு நான் போட்டுப் பார்த்தேன். 30 ஷாட் இரண்டிரண்டாக மூன்று, 60 ஷாட் தனித்தனியாக நாலு, 120 தனித்தனியாக இரண்டு, ஆக ஒன்பது. புஸ்வாணம் எட்டையும் இரண்டிரண்டாகப் போட்டால் நாலு சேனல், மொத்தம் 13. உங்கள் 12 சேனலுக்கு ஒன்று கூடிவிடும். புஸ்வாணத்தில் இரண்டைக் குறைத்துவிடுங்கள். எட்டும் வேண்டுமென்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், அந்த இரண்டையும் வாசலில் ஊதுபத்தி வைத்தே கொளுத்திக்கொள்ளலாம், இக்னைட்டர் எதற்கு?

கிளிப்பைக் கட்டும் விதம் யாரும் சொல்லவில்லை. நம் ஊர் ஷாட் பெட்டியில் திரியின் மேல் கலர் காகிதமோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும். அதன் மேலேயே கிளிப்பை மாட்டினால் காகிதம் கருகும், திரி பிடிக்காது. ஸ்டிக்கரைக் கிழித்து, திரியைச் சுருக்கமில்லாமல் நீட்டி, நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தாடைக்குள் வையுங்கள். கம்பி திரியின் குறுக்கே அழுத்தித் தொட வேண்டும். தொடாமல் ஒரு முடி இடைவெளி இருந்தாலும் வேலைக்கு ஆகாது. பெட்டிப் பக்கம் தள்ளி மாட்டினால் சீக்கிரம் கிளம்புமே என்று செய்யாதீர்கள். பிடித்த பிறகு வயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பெட்டியில் டேப் போடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டி உதைக்கும் உதையில் கிளிப் கழன்றுவிடும்.

பக்கத்துப் புஸ்வாணத்தின் பொறி விழுந்து முறைமாறிப் பற்றாமல் இருக்கத் திரியின் மேல் அலுமினியத் தாள் சுற்றுவார்கள். நல்லதுதான். ஆனால் கிளிப்பின் இரண்டு வயர் முனையும் வெறுமையாக இருந்தால் தாள் இரண்டையும் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். மீட்டரில் அரை ஓமுக்குக் கீழே காட்டினால் இதுதான் காரணம். முதலில் இன்சுலேஷன் டேப், அதன் மேல்தான் தாள்.

தரை விஷயம்: ஊரணிக் கரை செம்புறைப் பாறையாக இருந்தால் ஆணியும் குச்சியும் இறங்காது. ஆறடிப் பலகையில் மூன்று பெட்டியாக வைத்து, பெட்டியின் அடியில் பசை போட்டு, இருபுறமும் மணல் மூட்டை கொடுங்கள். 120 ஷாட் சாய்ந்தால் அடுத்த ஷாட் ஆள் பக்கம்தான் வரும். ஐப்பசி என்பதால் சீமைக்கருவேலம் பச்சையாக இருக்கும், புல்லும் நனைந்திருக்கும், ஆனாலும் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். வீட்டுப் பக்கம் அடித்தால் கனலும் காகிதம் நாட்டு ஓட்டின் இடுக்கில் சொருகிக்கொள்ளும். கீழே தேக்கு மரக் கைமரம்; இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் புகை தெரியும். காற்று அந்தப் பக்கமென்றால் அன்று ஷாட் வேண்டாம், புஸ்வாணத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

திரிமுனை:

மழைக்குப் பாலிதீன் பை போடுவதென்றால் ஒற்றைப் பை, மேலே இறுக்கிக் கட்டாமல். ஷாட் துளைத்துக்கொண்டு போகும். கனத்த தார்ப்பாலின் என்றால் கொளுத்துவதற்கு முன்பு எடுத்துவிடுங்கள். இடி கேட்டால் வயரைச் சுவிட்ச் பெட்டியிலிருந்து கழற்றி முனைகளை முறுக்கி வைத்து எல்லாரும் தள்ளிவிடுங்கள்.

வளவு_வாசி:

சுவிட்ச் பெட்டியும் 0.75 செம்பும் போடுகிறேன். கட்டிய பிறகு சேனல் எல்லாம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? கேள்விப்பட்டதெல்லாம் பல்ப் வைத்துத்தான்.

ஸ்கொயர்_எம்எம்:

வெடி கட்டிய பிறகு பல்ப் வேண்டவே வேண்டாம். பல்ப் எரிகிற கரண்டே போதும், அது இ-மேட்ச்சாக இருந்தால் பற்றிக்கொள்ளும். மல்டிமீட்டர் அனுப்புவது மில்லிஆம்பியர் கணக்கு. பேட்டரியைக் கழற்றி, சாவி உங்கள் பையில் இருக்க, ஆள் நிற்கும் முனையில் இருந்தே ஒவ்வொரு ஜோடியையும் அளக்கவும். ஒற்றைக் கிளிப் சேனலில் 2.8-உம் 1.3-உம் சேர்ந்து நாலு ஓம் சுற்றி வர வேண்டும். பேரலல் ஜோடியில் 2.7. ஜோடியில் நாலு காட்டினால் ஒரு கிளிப் தொடர்பு இல்லை. பத்துக்கு மேல் போனால் இணைப்பில் துரு அல்லது முறுக்கு தளர்ந்தது. கழற்றி நுனியைப் புதிதாக உரித்து முறுக்குங்கள்.

நாலு என்று வந்தும் திரி பிடிக்காமல் போகலாம், மீட்டர் மின்தொடர்பை மட்டும்தான் சொல்லும். அதனால் தனித்துக் கேட்கும் 120 ஷாட் இரண்டிலும், இரட்டைத் திரி இருந்தால் இரண்டாவது திரியில் இன்னொரு கிளிப் பேரலலாக மாட்டிவிடுங்கள்.

செம்புறைக்கல்:

கிளம்பாத பெட்டிப் பக்கம் ஓடாதீர்கள். சாவியை எடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், குறைந்தது இருபது நிமிஷம் பொறுங்கள். அப்புறமும் குனிந்து பார்க்காமல், பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஊற்றி நனைத்து, வாளியில் ஊறப்போட்டு மறுநாள்தான் அப்புறப்படுத்த வேண்டும். அந்தப் பெட்டியில் வேறு கிளிப் மாட்டி மறுபடி முயல்வது அறவே கூடாது.

வெடிச் சத்தத்துக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்டத்திலேயே தடை. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், நேரமும் இடமும் குறித்து. பக்கத்தில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் இருந்தால் நூறு மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது என்ற கணக்கு வரும். ஊரணிக் கரையில் பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் நம் பக்கம் குறைவு, அதை அளந்துவிட்டுப் பலகையைப் போடுங்கள்.

வளவு_வாசி:

கரையின் வடகோடியில் பிள்ளையார் இருக்கிறார். தென்கோடியிலிருந்து நூற்று நாற்பது மீட்டர் வரும். அங்கே போட்டால் வயர் 40 மீட்டர் ஆகும்போல.

ஸ்கொயர்_எம்எம்:

40 மீட்டருக்குச் செம்பு 1.0 ஸ்கொயர் எம்எம் எடுங்கள். போக வர 80 மீட்டர், 1.6 ஓம். ஒற்றைக் கிளிப்புக்கு இருபது வாட் வரும். பேரலல் ஜோடி பத்துக்கு இறங்கிவிடும், பட்டனை மூன்று நாலு செகண்ட் விடாமல் பிடியுங்கள். ஜோடிகளுக்கு மட்டும் 1.5 எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.