பொருள்: பவளத்துக்குப் போடும் பிளாங்டன் உணவுக்குத் தமிழில் என்ன? (வியாழன் இரவுக்குள் வேண்டும்)

தொட்டிக்காரன், சிங்கப்பூர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில், வீட்டில் கடல்தொட்டி வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்னக் கண்காட்சி நடத்துகிறோம். நான்கு மொழியிலும் கையேடு உண்டு, தமிழ்ப் பக்கம் என் தலையில் விழுந்துவிட்டது. வியாழன் இரவு அச்சுக்குப் போகிறது. பவளங்களுக்கு நாங்கள் போட்டுப் பார்த்த பிளாங்டன் (நீரோட்டத்தோடு போகும் நுண்ணுயிர்கள்) உணவுகளைப் பற்றிய பக்கத்துக்கு 'மிதவை உணவு' என்று தலைப்பு வைத்திருந்தேன். அம்மா படித்துவிட்டு, "தண்ணிக்கு மேல மிதக்குமே, அந்த மீன் குருணையா?" என்று கேட்டார். அங்கேயே நின்றுவிட்டது வேலை.

விஷயம் இதுதான். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுத்துவிடுகிறது, சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான். ஆனால் உடம்பு வளர நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அதற்காகப் பல பவளங்கள் இரவில் கைகளை நீட்டி, கொட்டும் செல்களால் நீரில் வருவதைப் பிடிக்கின்றன. தொட்டியில் அப்படி எதுவும் வராது, நாம்தான் போட வேண்டும். கடையில் கிடைக்கும் பச்சைத் திரவம் நானோகுளோராப்சிஸ் பாசி, ஒரு செல் 2 முதல் 4 மைக்ரான்தான். கல்பவளங்கள் பெரும்பாலும் இதைச் சட்டை செய்வதில்லை. கோபிபாடு என்ற நுண் ஓட்டுயிரிகளும் கடற்பஞ்சுகளும் தின்னும், மிச்சம் கண்ணாடியில் பச்சையாகப் படியும். ரோட்டிஃபர், கோபிபாடு, அரை மில்லிமீட்டருக்குக் கிட்ட வரும் ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சு, இந்தச் சிறு விலங்குகளுக்குத்தான் கை நீள்கிறது. சூரியப் பவளத்துக்குப் பாசியே கிடையாது, ஊட்டாவிட்டால் மெலிந்து செத்துவிடும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு, பிப்பெட்டால் (சொட்டுக்குழாய்) வாய்க்குப் பக்கத்தில் மெல்ல விட்டால் அது விரிந்து வாங்குகிற அழகே தனி. அளவு மீறினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும், பாஸ்பேட் மிகுந்தால் எலும்புக்கூடு வளர்வதே தடைப்படும். இதையெல்லாம் எழுதிவிட்டேன். தலைப்புக்குத்தான் சொல் இல்லை.

நெய்தல் வாத்தியார், கும்பகோணம் எழுதியது:

தம்பி, அம்மா கேட்டது சரியான கேள்வி. பிளாங்டன் என்ற சொல்லை 1887இல் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன் உருவாக்கினார். கிரேக்க மூலத்துக்கு 'அலைந்து திரிவது' என்று பொருள், மிதப்பது என்று அல்ல. நம் பாடநூல்கள் 'மிதவை உயிரி' என்று போட்டதில்தான் கோளாறு தொடங்கியது. என் முன்மொழிவு: 'அலையுயிர்'.

இதன் நயத்தைப் பாருங்கள். 'அலை' என்பதை வினையடியாகக் கொண்டால் அலைந்த, அலைகின்ற, அலையும் உயிர் என்று முக்காலமும் காட்டும் வினைத்தொகை. பெயராகக் கொண்டால் அலையின்கண் வாழும் உயிர், ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. கிரேக்கச் சொல்லுக்கு வாய்த்தது ஒரு பொருள், நமக்கு இரண்டு. 'நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர்' என்று கணியன் பூங்குன்றனார் பாடியதைவிட இந்த உயிர்களுக்குப் பொருத்தமான விளக்கம் உண்டா? கூடவே 'நீர்வழியுயிர்' என்பதையும் பரிசீலிக்கலாம்.

தூத்துக்குடி மீன்பண்ணை எழுதியது:

ஐயா, நயமெல்லாம் இருக்கட்டும், நடப்பைச் சொல்கிறேன். பண்ணைக்காரர்களிடம் 'மிதவைத் தீவனம்' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நீர்மட்டத்தில் மிதக்கும் குச்சித் தீவனம் அது. அதனால் 'மிதவை உணவு' வேண்டவே வேண்டாம். 'உயிருணவு' என்றால் உயிரோடு போடும் ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா. இப்போது நீங்கள் 'அலையுயிர் உணவு' என்று வைத்தால் வாங்குகிறவர் உயிரோடு இருக்கும் என்று நினைப்பார். புட்டிக்குள் இருப்பதோ உறைய வைத்ததும் பொடி செய்ததும். அதற்கு எப்படி உயிர் என்று பெயர் வைப்பது? வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கூடுதல் செய்தி: விலங்கு பிளாங்டனில் பல இனங்கள் இரவில் மேலே வந்து பகலில் ஆழத்துக்கு இறங்கும். மிதப்பது என்பது எப்படிப் பார்த்தாலும் பிழைதான், அந்த அளவில் அவர் பக்கம் நான்.

இன்னொன்று, இந்தக் கையேட்டைப் பார்த்து இங்கே யாராவது ஆசைப்பட்டுவிடக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டு எடுத்தாலும் வழக்குதான்.

தனித்தமிழன் எழுதியது:

பிளாங்டனைத் திருத்துகிறீர்கள், 'பவளம்' மட்டும் உங்கள் கண்ணை உறுத்தவில்லையா? பிராகிருத 'பவாள', வடமொழி 'ப்ரவாள' எல்லாம் உறவுக்காரச் சொற்கள். 'பொன்னும் துகிரும் முத்தும்' என்று புறநானூறு சொல்கிறதே, 'குணகடல் துகிரும்' என்று பட்டினப்பாலை சொல்கிறதே, அந்தத் 'துகிர்' எங்கே போயிற்று? 'துகிருணவு' என்று ஒரே சொல்லில் முடியும்.

நெய்தல் வாத்தியார் எழுதியது:

துகிர் அணிகலனுக்கான செம்பவளம். தம்பியின் தொட்டியில் இருப்பது பாறை கட்டும் இனம். இரண்டும் வேறு. பவளமும் சங்க நூல்களிலேயே உண்டு, அதைக் கடன் என்று தள்ள நான் தயாரில்லை.

தனித்தமிழன் எழுதியது:

பாறை கட்டும் இனத்தைத் துகிர் என்று விரித்துச் சொல்லத் தடையென்ன? சொல்லின் பொருள் விரிவது மொழிக்குப் புதிதா? உங்கள் அலையுயிரை ஒருவருக்கும் தெரியாது, என் துகிர் ஈராயிரம் ஆண்டாக நூலில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

நூலில் இருக்கிறது, சனத்தின் வாயில் இல்லை. எங்களிடம் இது 'முருகைக்கல்'. பாடநூலிலும் 'முருகைக்கற்பாறை'தான். பிளாங்டனுக்கு 'பிளாந்தன்' என்று ஒலியைத் தமிழாக்கிப் படித்தோம், தாவரப் பிளாந்தன், விலங்குப் பிளாந்தன். ஒருவரும் கெட்டுப்போகவில்லை. கோழித்தீன் போல 'பிளாந்தன் தீன்' என்று வைத்தால் கடைக்காரனுக்கும் விளங்கும். கலைச்சொல் என்றவுடன் சென்னையில் விளங்கினால் போதும் என்று நினைப்பதை எப்போது விடப்போகிறீர்கள்?

தொட்டிக்காரன் எழுதியது:

அண்ணே, 'தீன்' இங்கே மலாய்க்காரர்கள் நடுவில் வேறு மாதிரி கேட்கும், மதம் என்று பொருள். 'தீவனம்' என்றால் மாடு கண்முன் வருகிறது. 'இரை' போடலாமா? பவளம் விலங்குதானே, பிடித்துத் தின்கிறது.

நெய்தல் வாத்தியார் எழுதியது:

இரை என்றால் அதற்குப் புலன் வேண்டுமே. தொல்காப்பிய மரபியலில், நத்தை, சிப்பி போன்றவற்றுக்குத் தொடுவதும் சுவைப்பதுமாக இரண்டு அறிவு என்று 'நந்தும் முரளும் ஈரறிவினவே' எனச் சொன்ன தொல்காப்பியர் அடுத்த அடியில் 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' என்று வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார். பவளம் தொடுவதை உணரும், தெரியும். நாவின் அறிவு அதற்கு உண்டா?

தூத்துக்குடி மீன்பண்ணை எழுதியது:

உண்டு ஐயா. புரோலின், குளுட்டாதயோன் போன்ற வேதிப்பொருள்கள் நீரில் கலந்தாலே இரை தொடும் முன்பு வாய் திறக்கும் இனங்கள் இருக்கின்றன. அதனால்தான் தொட்டிக்காரர்கள் முதலில் கொஞ்சம் சாறு விட்டுவிட்டு, கைகள் வெளியே வந்தபின் திடமானதைப் போடுகிறார்கள்.

நெய்தல் வாத்தியார் எழுதியது:

அப்படியானால் ஈரறிவுதான்! இன்று இரவு எனக்குத் தூக்கம் வராது. நந்து, முரள், பவளம் என்று ஒரு கட்டுரையே எழுதலாம். அப்புறம் அந்த ஸ்கிம்மருக்கு 'நுரைவாரி' என்று வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்.

தொட்டிக்காரன் எழுதியது:

ஐயா, மணி பத்து. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன்: 'இரை'யை ஏற்காதவர் தனித்தமிழன் ஐயா ஒருவர்தான், அவருக்கும் சிக்கல் முன்பாதியில்தான். தலைப்பு 'பவளங்களுக்குப் பிளாங்டன் இரை' என்று போகிறது. உள்ளே முதல் பத்தியில் 'நீரோட்டத்தோடு அலையும் நுண்ணுயிர்கள்' என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறேன், அதில் வாத்தியாரின் அலைதல் வந்துவிட்டது. மிதவை எங்கும் இல்லை. நுரைவாரியை எடுத்துக்கொண்டேன், நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

தனித்தமிழன் எழுதியது:

ஐந்தெழுத்தில் ஒரு வேற்றுச்சொல்லைத் தலைப்பிலேயே ஏற்றிவிட்டு நன்றி வேறு. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

மறுப்பு இருக்கட்டும். தம்பி, முருகைக்கல் என்று ஒரு இடத்திலாவது போட்டீர்களா இல்லையா?