கட்டட ஆற்றல் விதி உண்மையிலேயே மின்சாரத்தைக் குறைத்ததா? மதிப்பிட உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கட்டடங்களுக்கான ஆற்றல் சிக்கன விதி ஒன்றை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ஓர் இடத்தில் நிற்கிறது. விதிக்கு முன்பு கட்டிய வீடுகள், பின்பு கட்டியவை, இரண்டுக்கும் மாதாந்திர மின் பயன்பாடு கையில் இருக்கிறது. ஆனால் புது வீடுகள் பெரியவை, ஏசியும் அதிகம், அதனால் நேரடியாக ஒப்பிட்டால் விதியே தோற்றுப்போன மாதிரி தெரிகிறது. அது நியாயமில்லை.

சேமிப்பை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மாதிரி (model) சொல்லும் அளவை அப்படியே நம்பவும் முடியாது. அமெரிக்காவின் மிச்சிகனில் வீடுகளுக்கு வெப்பக்காப்பு செய்த திட்டத்தை ஆராய்ந்தபோது, கணித்ததில் பாதிகூட நிஜத்தில் மிச்சமாகவில்லை. புளோரிடாவின் கெயின்ஸ்வில் நகரில் 2002 விதி மாற்றத்துக்குச் சற்று முன்னும் பின்னும் கட்டிய வீடுகளை மட்டும் ஒப்பிட்டு, மின்சாரம் 4 சதவீதமும் எரிவாயு 6 சதவீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். இந்த வழிதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

சரி, என் கேள்விகள்: வெயிலின் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க, குளிரூட்டல் பாகை நாள்களை (ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலை ஓர் அடிப்படை அளவை எத்தனை பாகை தாண்டியது என்பதன் கூட்டுத்தொகை) மட்டும் சேர்த்தால் போதுமா, ஈரப்பதமும் வேண்டுமா? செலவு குறைந்ததும் ஏசியைக் கூடுதல் நேரம் ஓடவிடுகிறார்களே, அந்தப் பின்விளைவை எப்படிப் பிரிப்பது? அப்புறம், விதி காகிதத்தில் மட்டும் இருந்து, கட்டும்போது யாரும் சோதிக்காத வீடுகளை எப்படி அடையாளம் காண்பது? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. செய்து பார்த்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.