ஜப்பானில் கூட்டம் மொய்க்காத ஊர்கள்: ஏரி, வாய்க்கால் பார்க்க எங்கே போகலாம்?

திருத்துறைப்பூண்டியார்:
மகள் ஒசாகாவில் இருக்கிறாள். ஜூன் மாதம் நானும் மனைவியும் போகிறோம். டோக்கியோ, கியோத்தோ, ஃபூஜி மலை எல்லாம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பிலேயே பார்த்துச் சலித்துவிட்டது. பொதுப்பணித் துறையில் மதகும் ஷட்டருமாகக் காலம் தள்ளியவன் நான். ஏரி, வாய்க்கால், நடவு வயல் இவற்றை அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மனைவிக்கு ஒரு கோயிலாவது வேண்டும். முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம்.

குடந்தை வாசகன்:
ஐயா, தகமாட்சுவில் சில காலம் வேலை பார்த்தேன். ஷிகோகு தீவில், காகவா மாவட்டத்து மன்னோ ஏரிக்குப் போங்கள். மழை குறைந்த சீமை அது. ஏரி குளங்களைப் பெரிதும் நம்பித்தான் நடவு. உடைந்து கிடந்த கரையை 821-இல் கட்டிக்கொடுத்தவர் கூகாய் என்ற துறவி. ஜூன் 15 வாக்கில் பூசை போட்டு மதகு திறப்பார்கள். மேட்டூர் திறப்புக்கு மூன்று நாள் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒகயாமா வரை புல்லட் ரயில், அங்கிருந்து கடல் பாலத்தின் மேல் கொதோஹிராவுக்கு எக்ஸ்பிரஸ், பிறகு டாக்ஸி. கொதோஹிரா மலைக்கோயிலுக்கு 785 படி. அம்மாவை அதில் ஏற்றிவிடாதீர்கள்.

காகவாவில் தெருவுக்குத் தெரு உடோன் கடை; உடோன் என்பது தடித்த கோதுமை நூடுல்ஸ். சாறு நெத்திலிக் கருவாட்டில் வைப்பது. சாறு வேண்டாம், வெறும் சோயா மட்டும் என்று கேட்டு வாங்குங்கள். அந்தச் சோயா பாட்டிலிலும் சில கடைகளில் மீன் கலந்திருக்கும். மகளை விட்டு விசாரிக்கச் சொல்வது நல்லது.

திருத்துறைப்பூண்டியார்:
கொள்ளளவு என்ன தம்பி?

குடந்தை வாசகன்:
1.54 கோடி கன மீட்டர்.

திருத்துறைப்பூண்டியார்:
அரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். மேட்டூருக்கு 93.47. அளவு கிடக்கட்டும், திறந்த தண்ணீர் கடைமடை வயலுக்குப் போய்ச் சேருகிறதா? அதைத்தான் நான் பார்க்க வேண்டும்.

மன்னார்குடி மாப்பிள்ளை:
குமாமோட்டோ பக்கம் யமாட்டோ ஊரில் த்சூஜுன் பாலம் இருக்கிறது. 1854-இல் கட்டிய கல் பாலம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் இல்லை என்று ஊர்த்தலைவர் ஃபூத்தா யசுனோசுகே முன்னின்று கட்டியது. பாலத்துக்குள் மூன்று கல் குழாய்கள். ஒரு கரையில் இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே மறுகரையில் ஏறிவிடும். குழாயில் சேரும் மண்ணைக் கழுவ, பாலத்தின் நடுவில் திறந்துவிடுவார்கள்; இரண்டு பக்கமும் அருவியாகக் கொட்டும். அதைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. ஆனால் நடவுக் காலத்தில் திறக்கமாட்டார்கள், வயலுக்குத் தண்ணீர் வேண்டுமே. ரயிலும் கிடையாது, குமாமோட்டோவிலிருந்து பஸ்தான்.

பூந்தோட்டத்துப் பெண்:
மாமா, மாமிக்கு பிவா ஏரிக்குள் இருக்கும் சிகுபு தீவு. அங்கே ஹோகோன்ஜி கோயிலில் இருப்பது பென்ஜைதென், நம் கூத்தனூர் சரஸ்வதியேதான். நாகஹாமாவிலிருந்து அரை மணி நேரப் படகு. படி 165 உண்டு, செங்குத்து. கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறலாம். முடியாவிட்டால் படகுத்துறையிலிருந்தே கும்பிட்டுவிடட்டும். ஜூன் அங்கே மழைக்காலம், குடை மறக்க வேண்டாம்.

திருத்துறைப்பூண்டியார்:
அப்படியானால் ஜூன் 14 இரவு கொதோஹிராவில் தங்கல். சிகுபு தீவு அடுத்த வாரம். நடவு நேரத்தில் தண்ணீரை வேடிக்கைக்குத் திறக்காத அந்த யமாட்டோ ஊர்க்காரர்களையும் பார்க்க ஆசைதான், தூரம் மலைக்க வைக்கிறது. கொதோஹிரா விடுதிகளில் கட்டில் உண்டா, தரையில் மெத்தையா? அவள் கீழே உட்கார்ந்தால் எழுந்திருப்பது கடினம்.

குடந்தை வாசகன்:
இரண்டும் உண்டு ஐயா. பதிவு செய்யும்போதே கட்டில் போட்ட அறை என்று குறிப்பிட்டுவிடுங்கள்.