‘ஸ்டாண்டிங் ரிக்கிங்’: கயிறா, வடமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சிறு பாய்மரப் படகுகளின் தேய்ந்த பாய்களையும் கயிறுகளையும் குறைந்த செலவில் மாற்றுவது பற்றிய கையேட்டுக்காக, ‘ஸ்டாண்டிங் ரிக்கிங்’ (பாய்மரத்தை அசையாமல் இழுத்து நிறுத்துபவை) என்பதற்கு ‘நிலைக்கயிறு’, ‘ரன்னிங் ரிக்கிங்’ (பாயை ஏற்றி இறக்கி இயக்கும் கயிறுகள்) என்பதற்கு ‘ஓடுகயிறு’ என்ற சொற்களை நம் குழுவின் ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். முதலாவதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

இன்றைய சிறு படகுகளில் பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கங்களிலும் இழுத்து நிறுத்துவது, பெரும்பாலும் 19 எஃகுக் கம்பிகளை முறுக்கிய வடம். கயிறு என்று எழுதினால் படிப்பவர் அதையும் கயிற்றைப் போலவே நடத்துவார். செலவுக் கணக்கு பிசகுவது அங்கேதான். பாயை ஏற்றும் கயிறு கப்பியில் உரசித் தேய்ந்தால், தலைமாற்றிக் கோத்துச் சில காலம் ஓட்டலாம். வடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. முனையில் அழுத்திப் பொருத்திய குழலுக்குள் உப்புநீர் தங்கி, வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரிப்பு தொடங்கிவிடும்; ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த வடத்தை மாற்றியே ஆகவேண்டும். கையால் திருகிப் பொருத்தும் முனைகளை ஒருமுறை வாங்கிவிட்டால், அடுத்த முறை வடத்தையும் உள்ளே வைக்கும் சிறு ஆப்பையும் மட்டும் மாற்றினால் போதும் என்பதே அங்குள்ள சிக்கனம்.

பழநி ரோப்கார் பராமரிப்புக்காக நிறுத்தப்படும்போதெல்லாம் செய்தித்தாள்களில் ‘கம்பிவடம்’ வருவதால், இந்த மலைப்பக்கத்தில் அது எவருக்கும் புதிதன்று. எனவே ‘தாங்குவடம்’ என்பது என் பரிந்துரை. பாயேற்றும் கயிற்றுக்கு ‘ஆஞ்சான்’ என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது. (கொடைக்கானல் ஏரியின் துடுப்புப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஆஞ்சான் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள்.) பழைய பாயை விலைக்கு வாங்குவோர் முன்விளிம்பு, பின்விளிம்பு, அடிவிளிம்பு மூன்றையும் அளக்கவேண்டும் என்பதால் அச்சொற்களையும் சேர்த்துவிடலாம். வெயிலில் துணிக்கு முன்பே தையல்நூல் இற்றுவிடுவதுண்டு. துணி உறுதியாக இருந்தால் மறுதையலே போதும்.

மறுமொழி:

அம்மா, ‘தாங்குவடம்’ எனக்கு உடன்பாடே. அதில் ‘கம்பி’ சேராதது நல்லது; டைனீமா என்னும் வலுவான செயற்கை இழையால் பின்னியவையும் இப்போது புழக்கத்தில் உள்ளன, அவற்றின் முனைகளைப் படகுக்காரரே பின்னிச் செருகலாம் என்பதால் பட்டறைக் கூலி மிச்சமாகும். தேர்வடம் நாரால் ஆனதுதானே, ஆகவே ‘வடம்’ இரண்டுக்கும் பொருந்தும். ‘ஓடுகயிறு’ என்பதை மட்டும் ‘இயக்குகயிறு’ என்று திருத்த வேண்டுகிறேன். பாயை ஏற்றியபின் ஆஞ்சான் ஓடுவதில்லை, கட்டப்பட்டே கிடக்கிறது.